91 மீட்டர் சரிவுக்கு அடுத்த வளைவு: மெய்நிகர் ரோலர் கோஸ்டர் தடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள கிங்ஸ் டொமினியன் பூங்காவில் இன்டிமிடேட்டர் 305 என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. கட்டியது இன்டாமின் நிறுவனம். உயரம் 305 அடி, அதாவது சுமார் 93 மீட்டர். உச்சியிலிருந்து 85 டிகிரி செங்குத்தில் 91 மீட்டர் இறங்கும் ரயில், மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் தரையை ஒட்டியே 270 டிகிரி வளைவு ஒன்றுக்குள் நுழையும். சிக்கல் அந்த வளைவில்தான் வந்தது. ஏறியவர்கள் பலருக்கு அங்கே பார்வை மங்கியது. பூங்கா முதலில் சரிவிலேயே வேகத்தைப் பிடிக்கும் டிரிம் பிரேக்கை வைத்துப் பார்த்தது. அது போதவில்லை. 2011 பருவம் தொடங்கும் முன் அந்த வளைவின் தடத்தையே மாற்றி ஆரத்தைப் பெரிதாக்கினார்கள்.

மெய்நிகர் தடம் வடிவமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அதனால் இந்த ஆய்வுக்கு அதே கேள்வியை எடுத்துக்கொண்டேன்: 91 மீட்டர் இறக்கம், 85 டிகிரி சரிவு, உடனே தரையோடு 270 டிகிரி வளைவு. இதை நோலிமிட்ஸ் 2, ஓப்பன்எஃப்விடி ஆகிய மென்பொருள்களில் வடிவமைத்தால் எங்கே இடிக்கும், எந்தக் கருவி எதைக் காட்டும், எதை மறைக்கும்? நிஜத் தடத்தின் நகலை உருவாக்குவது நோக்கமல்ல. கீழே வரும் ஆரங்களும் விசை அளவுகளும் எளிய இயற்பியலில் நான் கணக்கிட்டவை. இன்டாமினின் வரைபடத்திலிருந்து எடுத்தவை அல்ல.

கையில் உள்ள கருவிகள்

ரோலர்கோஸ்டர் டைக்கூன் 1999இல் வந்தது, பிளானட் கோஸ்டர் 2016இல். இரண்டும் பூங்கா நடத்தும் விளையாட்டுகள். அவற்றில் தடத்தைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போகலாம், சுற்றிலும் அழகாகக் காட்சி அமைக்கலாம். ஆனால் ஒரு வளைவுக்குள் விசை கணத்துக்குக் கணம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. நம் கேள்விக்கு அவை உதவாது.

நோலிமிட்ஸ் வேறு வகை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓலே லாங்கே உருவாக்கிய இந்தச் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 2001இல் வந்தது, இரண்டாம் தலைமுறை 2014இல். பணம் சேர்ப்பது, கூட்டத்தைத் திருப்திப்படுத்துவது எதுவும் இதில் கிடையாது. தடம், ரயில், இயற்பியல், அவ்வளவுதான். ரோலர் கோஸ்டர் தொழிலில் இருப்பவர்களுக்கென்று தனி உரிமப் பதிப்பும் உண்டு. முதல் பதிப்பில் பெசியர் வளைகோடுகளை இழுத்து இழுத்துத் தடம் போட வேண்டியிருந்தது. இரண்டாவதில் வெர்டெக்ஸ் எனப்படும் புள்ளிகளை முப்பரிமாண வெளியில் வைத்தால் அவற்றின் வழியே ஸ்ப்ளைன் என்ற வழவழப்பான வளைகோடு தானாக ஓடும். தடத்தின் சாய்வுக்கு ரோல் புள்ளிகள் தனியாக உண்டு. இது பெரிய வசதி. தடம் எங்கே போகிறது என்பதும் எவ்வளவு சாய்கிறது என்பதும் ஒன்றையொன்று கெடுக்காமல் திருத்தலாம்.

மூன்றாவது வகையை ஆர்வலர்கள் எஃப்விடி என்பார்கள், விரித்தால் ஃபோர்ஸ் வெக்டர் டிசைன். வடிவத்தை வரைந்து விசையைப் பார்ப்பதற்குப் பதில், விசையை முதலில் எழுதிவிட்டு வடிவத்தைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் முறை. இதற்கென எழுதப்பட்ட எஃப்விடி++ பின்னர் ஓப்பன்எஃப்விடி என்ற பெயரில் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. நியூட்டன் என்ற கருவியும் இதே வழியில் வந்ததுதான். இவற்றில் செய்த தடத்தை நோலிமிட்ஸ் படிக்கும் கோப்பாக ஏற்றுமதி செய்து, அங்கே ரயிலை ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் காகிதக் கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் காகிதத்தில் செலவிட்டால் பின்னால் பல மணி நேரம் மிச்சமாகும். 91 மீட்டர் இறங்கினால் உராய்வே இல்லாத நிலையில் வேகம் விநாடிக்கு 42 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 145 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 40.3 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சமதள வளைவைச் சுற்றும்போது, பக்கவாட்டு இழுப்பே இல்லாதபடி தடத்தைச் சரியாகச் சாய்த்துவிட்டால், பயணிக்கு விசை முழுவதும் இருக்கை வழியாகவே வரும். அது 5 ஜி, அதாவது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, ஆக வேண்டுமானால் ஆரம் சுமார் 34 மீட்டர். 4 ஜி போதும் என்றால் சுமார் 42.5 மீட்டர்.

இங்கேதான் கண் ஏமாறும். 5 ஜி வளைவுக்கு வேண்டிய சாய்வு 78.5 டிகிரி. 4 ஜிக்கு 75.5 டிகிரி. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது கடுமையானது என்று சாய்வைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெறும் 3 டிகிரி வித்தியாசம்.

நேரக் கணக்கு இதைவிட விபரீதமானது. 34 மீட்டர் ஆரத்தில் 270 டிகிரி திரும்பக் கிட்டத்தட்ட 4 விநாடி ஆகும். ஆரத்தை 42.5 மீட்டராக்கினால் விசை குறையும், ஆனால் பாதை நீண்டு 5 விநாடி ஆகிவிடும். உடலுக்கு இரண்டும் முக்கியம். பார்வை மங்குவதற்குக் காரணம் தலைக்கு ஏறும் இரத்த அழுத்தம் குறைவது. விழித்திரைக்கும் மூளைக்கும் சில விநாடிகளுக்கான ஆக்சிஜன் கையிருப்பு உண்டு. அது தீரும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் கேளிக்கைச் சவாரிகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரநிலை ஒரே ஒரு உச்ச எண்ணோடு நிற்பதில்லை. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்து அனுமதிக்கும் விசையும் மாறுகிறது. ஐரோப்பாவின் ஈஎன் 13814 தரநிலையும் இதே துறைக்கானது.

இந்த வளைவுக்கு முன்னால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 85 டிகிரி சரிவிலிருந்து சமதளத்துக்கு நிமிரும் இடத்தில் 4.5 ஜி வைத்தால் அதுவே ஒன்றரை முதல் 2 விநாடி நீளும். அதாவது வளைவு தொடங்கும்போது பயணி புதிதாக வரவில்லை. கையிருப்பில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டு வருகிறார். இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் 4 ஜிக்கு மேல் தொடர்ச்சியாக 6 விநாடி. முதல் வளைவை மட்டும் தனியாகச் சோதிப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

புள்ளி வைத்து வரைந்தால்

நோலிமிட்ஸ் 2இல் வெர்டெக்ஸ்களைக் கொண்டு இந்த வளைவை வரையலாம். மேலிருந்து பார்க்கும் காட்சியில் வட்டமாகப் புள்ளிகளை அடுக்கி, ரோல் புள்ளிகளில் சாய்வைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பார்க்க அருமையான வளைவு கிடைக்கும். பிறகு விசையைக் காட்டும் சீப்புக் கோடுகளை இயக்கினால் அழகு கலைந்துவிடும். தடத்தின் மேல் நிற்கும் அந்தக் கோடுகளின் நுனி வழவழப்பான ஒரு விளிம்பாக இருக்க வேண்டும். இருப்பதோ மேடும் பள்ளமும். ஆர்வலர்கள் இதைப் பம்ப் என்பார்கள்.

ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? ஒரு கணக்கு போதும். 10 மீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று தடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அந்த அலை ஒரு முழு ஜி கூடுதலாகவும் குறைவாகவும் காட்ட, நடுக்கோட்டிலிருந்து அதன் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒன்றரை சென்டிமீட்டர். 93 மீட்டர் உயரமான தடத்தில், திரையில், ஒன்றரை சென்டிமீட்டர்! மவுஸால் புள்ளியை இழுக்கும் கைக்கு அந்த நுணுக்கம் வரவே வராது. வேறு விதமாகச் சொன்னால், ஆரம் 40 மீட்டரிலிருந்து 41.7 மீட்டருக்கு மாறுவதற்கே 0.16 ஜி வித்தியாசம் வந்துவிடும்.

அனுபவமுள்ளவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: புள்ளிகளைக் குறை. புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு வழவழப்பு. 270 டிகிரி வளைவுக்கு ஏழெட்டுப் புள்ளிகளே போதும். அவற்றுக்கிடையே உள்ளதை ஸ்ப்ளைனிடம் விட்டுவிடலாம். நான் பார்த்தவரை புதியவர்கள் தடத்தில் ஒரு குலுக்கலைக் கண்டவுடன் அந்த இடத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்ப்பார்கள், அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குலுக்கல் இரண்டு மடங்காகும். நீக்குவதுதான் மருந்து என்பதைக் கை ஏற்றுக்கொள்ள நாளாகிறது.

சாய்வின் அச்சு இன்னொரு பொறி. தண்டவாளங்களின் நடுவை அச்சாக வைத்துத் தடத்தைச் சாய்த்தால், அதற்கு மேலே 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும் பயணியின் மார்பு பக்கவாட்டில் வீசப்படும். ஒரே விநாடியில் 0விலிருந்து 75 டிகிரிக்கு மென்மையாகவே சாய்த்தாலும், உச்சத்தில் 0.7 ஜி அளவு பக்க உதை வரும். தலையும் தோள் தடுப்பும் மோதிக்கொள்வது இப்படித்தான். மார்பை அச்சாக வைத்து, தண்டவாளம் அதைச் சுற்றிவரச் செய்தால் இந்த உதை மறைந்துவிடும். இந்த அச்சைத்தான் ஹார்ட்லைன் என்கிறார்கள். நிஜ உலகில் இந்த முறையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். நோலிமிட்ஸ் 2இல் ஹார்ட்லைன் உயரத்தை எண்ணாகவே கொடுத்துவிடலாம். ஸ்ப்ளைன் அப்போது பயணியின் மார்பு போகும் பாதையாகிவிடுகிறது.

விசையை எழுதினால்

எஃப்விடி முறையின் பலத்தைப் புரிந்துகொள்ள, வளைவை விட்டுவிட்டு ஒரு லூப்பை, அதாவது ரயில் தலைகீழாகச் சுற்றிவரும் வளையத்தைப் பார்ப்பது சுலபம். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் இயங்கிய ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்ற கோஸ்டரின் லூப் முழு வட்டம். உராய்வே இல்லை என்று வைத்தாலும், வட்டமான லூப்பை மட்டுமட்டாகச் சுற்றி முடிக்க அடியில் குறைந்தது 6 ஜி வேண்டும். இது வட்டத்தின் வடிவத்திலேயே இருக்கும் கணக்கு, லூப் சிறியதா பெரியதா என்பது பொருட்டில்லை. அதோடு 1 ஜியிலிருந்து 6 ஜிக்கு ஒரே கணத்தில் தாவும். கழுத்து வலி என்று மக்கள் ஒதுங்கியதில் வியப்பில்லை. 1976இல் கோஸ்டர் கட்டுநர் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப்பும் ஸ்டெங்கலும் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரை அமைத்தபோது அதன் லூப் கண்ணீர்த்துளி போல இருந்தது: அடியில் அகலமான ஆரம், உச்சியில் குறுகலான ஆரம்.

ஓப்பன்எஃப்விடியில் யாரும் கண்ணீர்த்துளியை வரைவதில்லை. ஒரு விசைப் பகுதியைச் சேர்த்து, இருக்கை விசை 1 ஜியிலிருந்து 4 ஜிக்கு மென்மையாக ஏறட்டும், அங்கேயே நிற்கட்டும், பக்க விசை 0 என்று எழுதினால் போதும். ரயில் மேலே ஏற ஏற வேகம் குறையும். வேகம் குறைந்தும் விசை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ஆரம் சுருங்கியாக வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு சிறு அடியாகக் கணக்கிட்டு முன்னேறும்போது அந்த வடிவம் தானாக வந்து நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் மாயம் போலவே இருக்கும்.

நம் வளைவுக்கு வருவோம். எஃப்விடியில் வலதுபக்கம் திரும்பு என்று கட்டளை கிடையாது. இருக்கை விசை இவ்வளவு, பக்க விசை 0, இப்போது ரோலை மாற்று. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் பாதை வளைகிறது. விமானி விமானத்தைத் திருப்பும் விதமும் இதுதான். சாய்வு சற்று அதிகமானால் தடம் தரைக்குள் இறங்கும், குறைந்தால் மேலேறும். எனவே உயரத்தைக் கட்டுப்படுத்துவதும் ரோல்தான். பழக்கமில்லாதவர்களை முதலில் எரிச்சலூட்டுவது இதுவே.

நான் வைத்த விசைத் திட்டம் இப்படி. சரிவின் அடியில் நிமிரும் இடத்தில் 4.2 ஜி வரை. அதற்குப் பிறகு 0.7 விநாடிக்கு நேரான தடம், 1 ஜி மட்டும். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் இது 28 மீட்டர் நீளம். வெறும் நேர்கோட்டுக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும், ஆனால் தலைக்கு இரத்தம் திரும்ப இந்த மூச்சு வாங்கும் இடம் வேண்டும். பிறகு வளைவு: 0.7 விநாடியில் 4.4 ஜிக்கு ஏற்றம், அங்கே 1.5 விநாடி, அடுத்த 1.5 விநாடியில் மெல்ல 3.2 ஜிக்கு இறக்கம், அங்கே இன்னொரு 1.5 விநாடி, கடைசி 0.7 விநாடியில் வெளியேற்றம். மொத்தம் சுமார் 6 விநாடி, 235 மீட்டர் தடம். 4 ஜிக்கு மேல் இருக்கும் நேரமோ 2 விநாடியைச் சற்றுத்தான் தாண்டும்.

உச்ச விசை 4 ஜி வட்டத்தைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். வளைவுக்குள் நுழையும் கணத்தில் கடுமை வேண்டும், அதில்தான் சுவாரசியம். 5 விநாடி முழுக்க ஒரே 4 ஜி என்பது பயமும் தராது, சுகமும் தராது, வெறும் பாரம். இது என் ரசனை. வேறு கருத்து உள்ளவர்கள் நிறைய உண்டு. வடிவத்தில் பார்த்தால் நத்தை ஓட்டுச் சுழல் ஒன்றை உள்ளிருந்து அவிழ்த்த மாதிரி இருக்கும்: தொடக்கத்தில் இறுக்கம், போகப் போக விரிவு. சாய்வு மட்டும் 77 டிகிரியிலிருந்து 72க்குத்தான் வருகிறது. கையால் வரைந்திருந்தால் இந்த 5 டிகிரிக்குள் இத்தனை விஷயத்தை அடக்கியிருக்கவே முடியாது.

ஒரு விசையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வளைகோட்டையும் தேர்ந்தெடுக்கலாம். நேர்கோட்டில் ஏற்றினால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு முடிச்சு விழும். விசை மாறும் வேகம் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்பதுதான் காரணம். உடல் அதைச் சொடுக்காக உணரும். சைன் வளைவு அல்லது ஐந்தாம் படிச் சார்பு போன்றவை மென்மையானவை. நேரத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதா, தூரத்தை வைத்தா என்ற கேள்விக்கு, வேகம் அதிகமாக மாறாத இந்த வளைவில் பெரிய வித்தியாசமில்லை. லூப்பில் வித்தியாசம் உண்டு. மனித உடல் நேரத்தில்தான் உணர்கிறது என்பதால் பெரும்பாலும் நேரத்தையே தேர்ந்தெடுப்பேன்.

பிரேக் போட்டால் என்ன?

இன்டிமிடேட்டர் 305இல் முதலில் செய்ததைச் சிமுலேட்டரிலும் செய்து பார்க்கலாம். 34 மீட்டர் ஆரமுள்ள 5 ஜி வளைவை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் 10 சதவீதம் குறைப்போம். விசை வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், இருக்கை விசை 5இலிருந்து சுமார் 4.1 ஜிக்கு இறங்குகிறது. வளைவைப் பொறுத்தவரை நல்ல பேரம். தடம் முன்பிருந்த வேகத்துக்கே சாய்க்கப்பட்டிருப்பதால் பயணி 0.2 ஜி அளவு உள்பக்கமாகச் சரிவார். அதைப் பெரிதாக யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிரச்சினை அதற்குப் பின்னால். அதே வேகக் குறைவு அடுத்த ஏர்டைம் மேட்டுக்கும் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், இருக்கையிலிருந்து உடலை மைனஸ் 0.5 ஜியில் தூக்கும்படி அமைத்த மேடு வெறும் மைனஸ் 0.2 ஜி மட்டுமே தரும். ஒரு வளைவைக் காப்பாற்ற மொத்தச் சவாரியும் விலை கொடுக்கிறது. தடத்தையே மாற்றும் செலவைப் பூங்கா ஏற்றதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். திரையில் அந்தச் செலவு கிடையாது. பிரேக்கை வைத்துச் சமாளிக்கும் மெய்நிகர் தடங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

எதிர்த் திசையையும் சோதிக்க வேண்டும். சக்கரம் சூடேறிய கோடை மாலையில் ரயில் 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால்? 5 ஜி வளைவு 5.5 ஜி ஆகும். நோலிமிட்ஸ் 2இல் உராய்வு, காற்றுத்தடை மதிப்புகளை மாற்றலாம். விசையைச் சரிபார்க்கும்போது உராய்வைக் குறைத்தும், ரயில் கடைசி மேட்டைத் தாண்டுமா என்று பார்க்கும்போது அதைக் கூட்டியும் வைப்பது நல்ல பழக்கம். இரண்டு எல்லைக்கும் தாங்குகிற தடம்தான் தடம்.

இறக்குமதிக்குப் பிறகு

எஃப்விடி மென்பொருளுக்கு ரயில் என்பது ஒரே ஒரு புள்ளி. நீளம் கிடையாது, முன் பெட்டி பின் பெட்டி கிடையாது. கோப்பை நோலிமிட்ஸ் 2இல் ஏற்றி, 8 பெட்டிகளும் சுமார் 16 மீட்டர் நீளமும் கொண்ட ரயிலை ஓட்டும்போதுதான் மற்ற இருக்கைகளின் கதை தெரியவரும்.

வளைவில் பெரிதாக ஒன்றும் மாறாது. தடம் கிட்டத்தட்ட சமதளம், எல்லாப் பெட்டிக்கும் வேகம் ஒன்றே. உச்சி விளிம்புதான் ஆபத்தான இடம். அங்கே நடுப்பெட்டி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று கொள்வோம். அதற்கு 0 ஜி கொடுக்க ஆசைப்பட்டு எஃப்விடியில் அப்படியே எழுதினால், மென்பொருள் மறுபேச்சில்லாமல் 2.5 மீட்டர் ஆரத்தில் ஒரு கூர்மையான விளிம்பைக் கொடுக்கும். கடைசிப் பெட்டி அந்த இடத்துக்கு வரும்போது ரயிலின் முன்பாதி ஏற்கெனவே சரிவில் பாய்ந்துகொண்டிருக்கும். வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே விசை மைனஸ் 3 ஜியையும் தாண்டிப் போகும். எண்ணில் பிழை ஏதுமில்லை. ஒரு புள்ளிக்குக் கேட்டது அந்தப் புள்ளிக்குச் சரியாகவே கிடைத்திருக்கிறது.

எனவே மெதுவாகக் கடக்கும் விளிம்புகளை விசையால் எழுதுவதில்லை. ஓப்பன்எஃப்விடியில் வடிவத்தை நேரடியாகச் சொல்லும் பகுதி வகையும் உண்டு. அதில் ஆரத்தைக் கையால் கொடுத்து, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். 12 மீட்டர் ஆரம் வைத்தால் முன்பெட்டிக்கு 0.9 ஜி, கடைசிப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 0 ஜி. பின்வரிசைக்கு எப்போதும் கூட்டம் ஏன் என்பதற்கு இதுவே விளக்கம்.

சிமுலேட்டருக்கும் எட்டாத விஷயங்கள் உண்டு. 2007இல் ஒஹாயோவின் சீடார் பாயின்ட் பூங்காவில் மாவெரிக் என்ற கோஸ்டர் திறக்கப்படுவதற்குச் சற்று முன், அதன் இரண்டாவது உந்துதலுக்கு அடுத்து வந்த ஹார்ட்லைன் ரோல் (மார்பை அச்சாக வைத்து ரயிலை முழுச் சுற்றுச் சுழற்றும் தடம்) முழுவதையும் கழற்றிவிட்டு வேறு தடத்தைப் பொருத்தினார்கள். ரயிலுக்கு அது கொடுத்த அழுத்தம் அளவுக்கு மீறியது என்பதே சொல்லப்பட்ட காரணம். பயணியின் மார்பில் அளவிட்டால் ஹார்ட்லைன் ரோல் என்பது மிக மென்மையான அசைவு. ஆனால் மார்பு நகராமல் இருக்க, அதற்குக் கீழே உள்ள கனமான அடிச்சட்டமும் சக்கரங்களும் வேகமாகச் சுழற்றப்பட வேண்டும். நாம் பார்க்கும் வரைபடத்தில் அந்தப் பாரம் எங்கேயும் பதிவாகாது. தடத்தின் சுழற்சி வேகத்தைத் தனியாகக் கவனித்து ஓர் எல்லைக்குள் வைப்பது மட்டும்தான் மெய்நிகர் வடிவமைப்பாளர் செய்யக்கூடியது.

இனி மீதமிருப்பது இடம். டனல் டெஸ்ட் என்ற வசதி ரயிலைச் சுற்றி, கைகால் எட்டும் தூரத்துக்கு ஒரு குழாயை ஓட்டிக் காட்டும். தூணோ வேறு தடமோ அதற்குள் வந்தால் தெரிந்துவிடும். விரிந்துகொண்டே போகும் இந்த வளைவு, 34 மீட்டர் ஆர வட்டத்தைவிடக் கணிசமாக அகலம். திரும்பி வரும் தடம் அதன் வெளிவிளிம்பில் இடித்தது. இங்கே எஃப்விடியின் பெரிய குறை வந்து நிற்கிறது: முன்பகுதியில் ஒரு விசையை இம்மியளவு மாற்றினாலும் அதற்குப் பின்னுள்ள தடம் முழுவதும் வேறு திசைக்கு வீசப்படும். கடைசிப் புள்ளியைக் குறிபார்த்து நிலையத்தில் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாடு. நுழைவில் 4.4 ஜி நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, வெளியேறும் திசையைத் திருப்பி ஒருவழியாக விலக்க முடிந்தது.

நிலையத்தை இணைக்கும் கடைசிப் பகுதியை எஃப்விடியில் செய்யவில்லை. அங்கே ரயில் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்துக்கு வந்துவிடுகிறது. வளைவில் ஒரு முழு ஜியைத் தந்த அதே ஒன்றரை சென்டிமீட்டர் அலை இங்கே 0.14 ஜிதான் தரும். பிரேக் பகுதிக்கு முந்தைய 60 மீட்டரை நோலிமிட்ஸ் 2இலேயே நான்கு வெர்டெக்ஸ்களால் வரைந்து மூடினேன். சீப்புக் கோட்டில் ஒரு சின்ன மேடு இன்னும் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.